பேரேடும் பேரிடரும்: சகானா மென்பொருளின் வரலாறு

ஒரு சமுதாயத்தின் பழமையை ஆராய விழைவோர் அதன் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடுதல் வழக்கம். இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிற் குடியேறிய தமிழ் மக்களுக்கு அத்தகைய சாசனங்கள் இல. அவர்தம் வரலாற்றை எழுதப் புகுவோர் நாட வேண்டியவை தோட்டக் காரியாலயங்களிலே பேணப்பட்ட பேரேடுகளேயாம். யார் எந்நாளிற் பிரட்டுக்கு வந்தார், எத்தனை இறாத்தல் கொழுந்து பறித்தார், எத்தனை மரத்திற் பால் வெட்டினார், யாருக்கு எவ்வளவு அரிசி கொடுபட்டது என்னும் செய்திகள் அனைத்தும் செக்றோலிலே பதியப்பட்டன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் தன்னகத்தே கொண்ட சப்பிரகமுவா மாகாணத்தில், தேயிலையும் றப்பரும் ஒருங்கே வளர்ந்த தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கும் இது பொருந்தும். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என யாண்டுச் சென்றாலும், ஏட்டில் உள்ள பெயரே ஆளின் இருப்புக்குச் சான்றாக நின்றது.

ஆயின் அவ்வேடுகளை வகுத்தோர் அம்மக்கள் அல்லர். ஏட்டின் நிரைகள் யாவை, நிரல்கள் யாவை, பெயரை எம்மொழியில் எழுதுவது என்பவற்றையெல்லாம் தோட்ட நிருவாகமே முடிவு செய்தது. கங்காணிக்குச் சேர வேண்டிய கடன் தீர்க்கப்படின் தொழிலாளரை விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை, ஒரு குடும்பத்தின் நடமாட்டம் முழுவதும் அச்சிறு தாளில் அடங்கியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தோரின் கழுத்திலே தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு தொங்கிய காலமும் உண்டு.

ஏட்டிலுள்ள பிழை எத்துணைப் பெரிய இடரை விளைக்கும் என்பது 1948ஆம் ஆண்டின் பின்னரே முற்றாக விளங்கிற்று. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி குடியுரிமை கோரியோர், தாம் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையைப் பத்திரங்கள் கொண்டு நிறுவ வேண்டியவராயினர். முத்தையா என்னும் ஒரு பெயரை ஆங்கில எழுத்திற் பல வகையாக எழுதலாம். செக்றோலில் ஒருவகை, பிறப்புப் பத்திரத்தில் வேறொருவகை, பங்கீட்டு அட்டையில் மற்றொருவகை என அமைந்துவிடின், ஓராள் மூவராகக் கருதப்பட்டார். அல்லது ஒருவராகவும் கருதப்படாதொழிந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னரும் இவ்வழக்குகள் நீண்டன. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது 2003ஆம் ஆண்டிலேயாம்.

தாளிலே எழுதிய ஏடு இக்காலத்திற் கணினிக்குள்ளே புகுந்துள்ளது. எனினும் பழைய வினா மாறவில்லை. ஏட்டின் வடிவத்தை வகுப்பவர் யார்? அதிற் பிழை காணின் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? எந்த இயந்திரம் வைத்திருப்போர் அதனைப் பயன்படுத்தலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற ஒரு மென்பொருள் இலங்கையிலேயே பிறந்தது. 'சகானா' என்பது அதன் பெயர். தமிழருக்கு அச்சொல் ஓர் இராகத்தின் பெயராகவே அறிமுகமானது. சிங்களத்திலோ அது துயர் தணிவு, நிவாரணம் என்னும் பொருளைத் தரும். அம்மென்பொருளின் வரலாறு தோட்ட மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாம்.

சகானாவின் பிறப்புக்கு முந்திய ஆண்டின் நிகழ்ச்சியொன்று சப்பிரகமுவாவோடு நெருங்கிய தொடர்புடையது. 2003ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாளையொட்டிப் பெய்த பெருமழையினாற் களுகங்கை பெருக்கெடுத்தது. இரத்தினபுரி நகரம் நீரில் அமிழ்ந்தது. மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளை மூடின. தென்னிலங்கை மாவட்டங்கள் உட்பட இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்த முகாமில் யார் உளர், எங்கு எது தேவை என்பவற்றை ஓரிடத்திற் காட்டவல்ல பொது ஏடு அந்நாளில் நாட்டில் இல்லை. பேரிடர் முகாமைக்கெனத் தனிச் சட்டமும் அப்போது இருக்கவில்லை. அது 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமாகவே வந்தது.

அதே 2003ஆம் ஆண்டிற் கொழும்பிலே 'லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேசன்' என்னும் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. கணினி அறிஞர் சஞ்சீவ வீரவரண அதனைத் தொடங்கியோருள் முதன்மையானவர். பிறநாட்டார் ஆக்கிய மென்பொருளை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்துவோராக மாத்திரம் இலங்கையர் நின்றுவிடாது, உலகுக்குப் பொதுவான திறந்த மூல மென்பொருளை ஆக்குவோராகவும் விளங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் சோதனைக்குள்ளாகும் காலம் விரைவில் வந்தது.

திறந்த மூலம் என்பது யாது என்பதையும், ஒரு மென்பொருள் பலவகை இயந்திரங்களிலும் இயங்குதல் எங்ஙனம் கைகூடிற்று என்பதையும் ஈண்டுச் சுருங்க உரைத்தல் வேண்டும். கணினிகள் தோன்றிய முற்காலத்தில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதற்கேயுரிய கட்டளை மொழி இருந்தது. ஒன்றுக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. இயந்திரத்தை மாற்றுவோர் நிரலையும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் யுனிக்ஸ் என்னும் இயக்கத் தொகுதியைச் 'சி' என்னும் மொழியில் மீள எழுதினர். இயந்திரம் மாறினும் நிரலின் பெரும்பகுதி மாறாது நிலைக்கலாம் என்பது அதனால் வலுப்பெற்றது.

அடுத்து வந்தது உரிமை பற்றிய எண்ணம். 1983ஆம் ஆண்டில் றிச்சட் ஸ்ரோல்மன் என்பார் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் உரிமை இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991ஆம் ஆண்டு இவ்வரலாற்றிற் சிறப்புடையது. பின்லாந்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டதும், நெதர்லாந்தின் குயிடோ வான் றொசம் பைதன் என்னும் நிரல்மொழியை வெளியிட்டதும், உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான யுனிக்கோடு அட்டவணையின் முதற் பதிப்பிலே தமிழ் எழுத்துகள் இடம்பெற்றதும் அவ்வோராண்டிலேயாம். இயந்திரத்துக்குக் கட்டுப்படாத நிரலும், இயந்திரத்துக்குக் கட்டுப்படாத தமிழ் எழுத்தும் ஒரே காலத்தில் உருப்பெற்றன எனலாம்.

பைதன் போன்ற மொழியில் எழுதிய நிரல் பல இயந்திரங்களில் இயங்கும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். பிரட்டுக் களத்திலே ஒரே கட்டளையைத் தமிழருக்குத் தமிழிலும் சிங்களவருக்குச் சிங்களத்திலும் பெயர்த்துரைக்கும் துவிபாஷி ஒருவர் இருப்பின், கட்டளையை இருமுறை எழுத வேண்டுவதில்லை. அதுபோல விண்டோஸ், லினக்ஸ், மக்கின்ரொஷ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நிரல் உண்டு. மூல நிரல் ஒன்றே. அதனை அவ்வவ் வியந்திரத்துக்கு விளங்குமாறு அது பெயர்த்துரைக்கும். இவ்வாறு பலவகை இயந்திரங்களிலும் இயங்குவதைப் பல்தளச் செயலி என்பர்.

மற்றொரு சொல் சட்டகம் என்பது. தோட்டத்து மாரியம்மன் கோயிலிலே தேர் இழுப்போர் அதன் அச்சையும் சில்லையும் அடிச்சட்டத்தையும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்வதில்லை. அவை முன்னரே உள்ளன. அவற்றின்மீது அவ்வாண்டுக்குரிய அலங்காரத்தைக் கட்டுவர். மென்பொருளிலும் பதிவேடு திறத்தல், பயனரை அடையாளங்காணல், தரவைச் சேமித்தல், தேடுதல் முதலான பொதுச் செயல்களை முன்னரே அமைத்துவைத்த அடிச்சட்டம் உண்டு. அதன்மீது தத்தம் தேவைக்குரியதை மட்டும் எழுதினாற் போதும். அச்சட்டகமும் திறந்த மூலமாயின், மேலே கட்டும் அலங்காரத்தோடு அச்சையும் சில்லையுங்கூடத் திருத்தலாம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரத்தை அழித்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் எனவும், வீடிழந்தோர் ஐந்து இலட்சத்தை எட்டினர் எனவும் கணக்கிடப்பட்டது. உதவி வந்து குவிந்தது. ஆயின் அதனை நெறிப்படுத்துதல் அரிதாயிற்று. ஒரு முகாமுக்குப் பல நிறுவனங்கள் ஒரே பொருளைக் கொண்டுசெல்ல, அயலிலுள்ள முகாமொன்று வெறுமையாக இருந்தது. தாய் ஒரு முகாமிலும் பிள்ளை வேறொரு முகாமிலும் இருந்தும் ஒருவரையொருவர் அறியாது தேடினர். அரசு அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்துக்கு உடனடியாகத் தேவைப்பட்டது தரமான ஓர் ஏடேயாம்.

கொழும்பிலிருந்த மென்பொருள் நிறுவன ஊழியரும் பல்கலைக்கழகத்தாரும் தொண்டர்களாக ஒன்றுகூடினர். லங்கா சொவ்ற்வெயர் பவுண்டேசன் அவர்களுக்கு இல்லமாக அமைந்தது. சில நாள்களுக்குள் சகானாவின் முதல் வடிவம் இயங்கத் தொடங்கிற்று. அத்துணை விரைவு எவ்வாறு கைகூடிற்று என்பது நோக்கத்தக்கது. லினக்ஸ், அப்பாச்சி என்னும் இணைய வழங்கி, மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளம், 1995ஆம் ஆண்டில் வெளியான பிஎச்பி என்னும் நிரல்மொழி ஆகிய நான்கும் திறந்த மூலமாக ஏற்கெனவே கிடைத்தன. எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியிருக்கவில்லை. விலை பேச வேண்டியிருக்கவில்லை. பயன்படுத்துவோர்க்கு இணைய உலாவி ஒன்றே போதுமாதலின், முகாமிலுள்ள கணினி எவ்வகையினதாயினும் ஏடு திறந்தது.

அதன் உறுப்புகள் நான்கு முதன்மையானவை. காணாமற்போனோரைத் தேடுவோரையும் கண்டெடுக்கப்பட்டோரையும் இணைக்கும் பதிவேடு ஒன்று. எந்த நிறுவனம் எவ்விடத்தில் என்ன பணி செய்கின்றது என்பதைக் கூறும் நிறுவனப் பதிவேடு ஒன்று. முகாம்களையும் அவற்றிலுள்ளோர் தொகையையும் காட்டும் முகாம் பதிவேடு ஒன்று. தேவையையும் கொடையையும் பொருத்தும் ஏடு ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று பிணைத்தமையே அதன் வலிமை.

காணாமற்போனோர் பதிவேட்டிலே ஒலி ஒத்த பெயர்களைத் தேடும் வசதியும் அமைந்தது. இத்துறைக்கு நீண்ட வரலாறு உண்டு. சவுண்டெக்ஸ் என்னும் முறைக்கு றொபேட் றசல் என்பார் 1918ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒத்த பெயர்களை ஒரே குறியீட்டின்கீழ் அது தொகுக்கும். ஆயின் அம்முறை ஆங்கிலம் பேசுவோர் நாவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. தமிழிலே ழகர, ளகர, லகரங்கள் வெவ்வேறு. ஆங்கில எழுத்தில் அவை மயங்கும். ககரம் ஒன்றே இடத்துக்கேற்பப் பலவாறு ஒலிக்கும். ஆங்கிலத்தில் அது பல எழுத்தாகப் பிரியும். எனவே செக்றோல் காலத்துப் பெயர்ச் சிக்கல் கணினிக் காலத்திலும் தொடர்கின்றது. வேறுபாடு யாதெனின், அன்று கணக்கப்பிள்ளையின் பேனாவைத் தடுக்க எவராலும் இயலவில்லை. இன்று திறந்த மூலமாயுள்ள தேடுநிரலைத் தமிழ் ஒலிக்கேற்பத் திருத்தும் வழி தமிழறிந்த நிரலாளர்க்குத் திறந்துள்ளது.

முதல் வடிவம் அவசரத்தில் எழுந்தது. சமிந்திர த சில்வா என்பார் தலைமையில் 2005ஆம் ஆண்டிலே சகானா மீளக் கட்டப்பட்டு, எந்நாட்டவர்க்கும் ஏற்ற பொது வடிவம் பெற்றது. அதன் பின்னர் அது கடல் கடந்தது. 2005 ஒக்டோபரிற் பாக்கிஸ்தானிலும் காஷ்மீரிலும் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதும், 2006 பெப்ரவரியிற் பிலிப்பைன்சின் லெய்டே தீவில் மலை சரிந்து ஓர் ஊரையே மூடியபோதும், அவ்வாண்டு மே மாதத்தில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா அதிர்ந்தபோதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமுதாய நலத்துக்கான தனது 2006ஆம் ஆண்டுப் பரிசைச் சகானாவுக்கு வழங்கிற்று. 2009ஆம் ஆண்டில் அதனைப் பேணுவதற்கெனச் சகானா சொவ்ற்வெயர் பவுண்டேசன் என்னும் பன்னாட்டு நிறுவனம் தோன்றிற்று.

அதே காலத்திற் பிரித்தானியரான ஃபிரான் பூன் முதலியோர் சகானாவைப் பைதன் மொழியிற் புதிதாக எழுதத் தலைப்பட்டனர். அவ்வடிவம் 'ஈடன்' எனப்பட்டது. அவசரகாலத்துக்கான ஆக்கச் சூழல் என்பது அதன் விரிவு. அதற்கு அடிச்சட்டமாக அமைந்தது வெப்2பை என்னும் திறந்த மூலச் சட்டகம். சிக்காகோவிலுள்ள டிபோல் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் மாசிமோ டி பியரோ 2007ஆம் ஆண்டில் மாணவர்க்குக் கற்பிக்கும் பொருட்டு வெளியிட்டது அது. பெருநிறுவனத்தின் இலாபத்துக்கென அன்றி வகுப்பறைக்கென எழுந்த கருவி, பேரிடர்க் களத்துக்கு உதவிற்று என்பது குறிப்பிடத்தக்கது. விண்டோஸ், மக்கின்ரொஷ், லினக்ஸ் எதுவாயினும் பொதியை விரித்தவுடன் அது இயங்கும். சிறு தரவுத்தளமும் உடன் உள்ளது. இணையத் தொடர்பு அற்ற மலையிடத்திலும் மடிக்கணினி ஒன்றில் அதனை இயக்கலாம். பின்னர் அதே நிரலை மாற்றாமலே பெரிய தரவுத்தளத்தோடு இணைக்கலாம். 2010 ஜனவரியில் ஹெயிற்றி நாடு நிலநடுக்கத்தால் அழிந்தபோது ஈடன் விரைந்து பயனுக்கு வந்தது.

ஈடனில் ஓர் ஏடு கட்டும் முறை எளிதில் விளங்கத்தக்கது. ஏட்டில் என்னென்ன நிரல்கள் வேண்டும் என்பதை நிரலாளர் ஒருமுறை மட்டும் எழுதுவார். பெயர் என்பது எழுத்து, வயது என்பது எண், பதிந்த நாள் என்பது தேதி என்றவாறு அது அமையும். அவ்வொரு வரையறையிலிருந்தே, நிரப்பும் படிவமும், பட்டியலும், தேடுபக்கமும், அச்சிடும் தாளும், வேறு கணினிக்கு அனுப்பும் கோப்பும் தாமாகவே உருவாகும். திரையிற் காணும் ஒவ்வொரு சொற்றொடரும் மொழிபெயர்ப்புக்குரியதெனக் குறிக்கப்பட்டிருக்கும். மொழிக்கொரு கோப்பு உண்டு. அக்கோப்பில் நேர்த் தமிழ்ச் சொல்லை இட்டால் ஏடு முழுவதும் தமிழிற் பேசும். நிரலாக்கம் அறியாத தமிழாசிரியரும் செய்யத்தக்க பணி அது.

இடத்தைக் குறிக்கும் முறை சப்பிரகமுவாத் தோட்டங்களுக்கு இன்னும் இன்றியமையாதது. நகரத்தார்க்கு வீட்டிலக்கமும் தெருப்பெயரும் உண்டு. தோட்ட லயத்திற் பிறந்தோர்க்கு நீண்ட காலம் தோட்டத்தின் பெயரே முகவரி. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதங்கள் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்தே கைமாறின. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பொதுநிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்து, 2018ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது என்பதையும் இதனோடு சேர்த்து நோக்கல் வேண்டும். முகவரி இன்மை என்பது தபாற்காரரின் சிக்கல் மட்டுமன்று. ஆட்சியின் கண்ணுக்குப் புலப்படாமையும் ஆம்.

வீட்டிலக்கமும் தெருவும் கட்டாயம் என வகுத்த ஏட்டிலே, கீழ்ப்பிரிவு மூன்றாம் லயத்து ஐந்தாம் காம்பராவிலே குடியிருப்பவர் தம்மை எங்ஙனம் பதிவார்? மூடிய மென்பொருளாயின் அதனை விற்றவரிடம் விண்ணப்பித்துக் காத்திருத்தலே வழி. ஈடனிலோ இடத்தின் படிநிலைகளையும் அவற்றின் பெயர்களையும் அவ்வந் நாட்டவரே வகுத்துக்கொள்ளலாம். மாகாணம், மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்பவற்றின்கீழே தோட்டம், பிரிவு, லயம், காம்பரா என்பவற்றையும் சேர்க்கத் தடையில்லை. சேர்க்கும் நிரல் சில வரிகளே. ஆயின் அச்சில வரிகளில், துண்டும் தகரமும் வழங்கிய காலத்திற் கிட்டாத ஓர் உரிமை அடங்கியுள்ளது.

இதன் தேவையை 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் காட்டிற்று. அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கையிற் சாமசர மலை சரிந்து ஊர்களை மூடிற்று. இறந்தோரும் காணாமற்போனோரும் நூற்றுக்கு மேற்பட்டோர். அதே நாளிற் புளத்கொஹுபிட்டியிலுள்ள களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு லயக் குடியிருப்பைப் புதைத்துத் தொழிலாளர் குடும்பங்களைக் கொண்டுசென்றது. மண்ணுக்குள்ளே தேடுவோர் முதலிற் கேட்கும் வினா, இவ்வறைகளில் எத்தனை பேர் இருந்தனர், அவர் யாவர் என்பதேயாம். அதற்கு விடை கூறவல்ல ஏடு மழைக்கு முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். மழைக்குப் பின்னர் எழுதப்படுவது மரணப் பதிவேடு மாத்திரமே.

சகானாவின் வரலாற்றிற் புகழ்ச்சிக்குரியவற்றை மட்டும் கூறி நிறுத்துதல் முறையன்று. அதனை முதன்முதல் இயக்கிய தேசிய நடவடிக்கை நிலையம் 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மூடப்பட்டது. ஆழிப்பேரலை ஓய்ந்ததும் தொண்டர்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்பினர். மென்பொருள் பிறநாடுகளிற் போற்றப்பட்ட அளவுக்குப் பிறந்த நாட்டின் நாளாந்த ஆட்சியில் வேரூன்றவில்லை. அன்றியும், அது சார்ந்து நின்ற பைதன் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி முதலாம் நாளோடு முடிவுற்றது. பழைய நிரல்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவோர் இல்லையேல் அவை இயங்கா. கூரைத் தகரத்தை ஆண்டுதோறும் பாராத லயம் ஒழுகுதல்போல, பேணுவார் அற்ற மென்பொருளும் பழுதாகும். திறந்த மூலம் என்பது உரிமையைத் தரும், உழைப்பைத் தாராது. உரிமையைப் பயன்படுத்தும் கைகள் ஊரிலேயே வளர வேண்டும்.

அத்தகைய கைகள் இந்நாட்டில் உள என்பதற்கு 2020ஆம் ஆண்டு சான்று பகரும். அவ்வாண்டு ஜனவரி 27ஆம் நாள் இலங்கையிற் கோவிட் நோயாளர் முதன்முதல் அடையாளங்காணப்பட்டார். அதனையொட்டிய நாள்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பதிந்து பின்தொடரும் ஏட்டினை இலங்கை மருத்துவத் தகவலியலாளர் உருவாக்கினர். அவர்கள் கொண்ட அடிச்சட்டம், தென்னாபிரிக்காவிலே வித்திடப்பட்டு நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்திற் பேணப்படும் 'டிஎச்ஐஎஸ்2' என்னும் திறந்த மூலத் தொகுதி. அது உலாவியிலும் கைப்பேசியிலும் இயங்குவது. இலங்கையர் ஆக்கிய வடிவத்தை முன்மாதிரியாகக் கொண்டு உருவான பொதியை உலகின் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. ஈரிடர்களுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகள் சென்றன; எனினும் நிகழ்ந்தது ஒன்றே. முன்னரே அமைந்த திறந்த சட்டகமும், அதனைக் கையாளப் பயின்ற உள்ளூர் மக்களும் இருந்தமையால், விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டிய காலத்திற் கருவியே உருவாயிற்று.

சப்பிரகமுவாவிலும் இதற்கு நிலைக்களன் இல்லாமலில்லை. பலாங்கொடைக்கு அப்பால் பெலிகுல்லோயாவில் அமைந்த சப்பிரகமுவாப் பல்கலைக்கழகத்திற் கணினிக் கல்வி நடைபெறுகின்றது. இச்சட்டகங்களின் மூல நிரல் பாடசாலையிலுள்ள சாதாரணக் கணினியிலும் இறங்கும். அதற்குக் கட்டணம் இல்லை. இன்று தோட்டங்களில் எங்கும் காணப்படும் கைப்பேசியே ஏட்டைத் திறக்கப் போதும். வேண்டுவன இரண்டு: நிரல் கற்ற மாணவரும், லயத்தின் பெயர்களையும் வழக்குகளையும் அறிந்த பெரியோரும் ஒருங்கிருந்து வேலை செய்தல். ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தெரியாது. இருவரும் சேர்ந்தாலன்றி ஏடு செப்பமாக அமையாது.

தோட்டத் தமிழரின் முன்னோர் பெயர்கள் பிறர் வகுத்த ஏட்டிற் பிறர் மொழியிற் பிறர் கையால் எழுதப்பட்டன. அப்பிழைகளைத் திருத்திக்கொள்ளுதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்று ஏட்டை வகுக்கும் எழுதுகோல் எவர்க்கும் எட்டும் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதனை எடுத்து, தம் தோட்டத்தையும் பிரிவையும் லயத்தையும் காம்பராவையும் தமிழிலே பிழையற எழுதிவைப்போர் அடுத்த மழைக்காலத்துக்கு முன் எழுவராயின், சகானா என்னும் சொல் தன் பொருளைச் சப்பிரகமுவாவிலும் பெறும்.